பரிமளா திறந்து வைத்த மெனு

போன வாரம் நம் சாப்ட்வேர் ஆபீஸிலிருந்து உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தீர்கள். யாரென்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்றவர்கள் டீக்கடையில் வைத்து ஓட்டிவிடுவீர்கள். "மேடம், லிஸ்ட்ல ரைட் பட்டன் அமுக்குனா ஒரு மெனு வருதுல்ல, அது வேற வரியோட டேட்டாவைப் பிடிச்சுக்குதுன்னு கஸ்டமர் சொல்றாங்க. நாங்க நூறு தடவை பார்த்துட்டோம், இங்க வரவே மாட்டேங்குது. அவங்கதான் தப்பா அமுக்குறாங்க" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டீர்கள்.

சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல. அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அதை நானும் ஒரு முறை சொல்லியிருக்கிறேன். சொன்னதால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது. போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவளிடம் நேரத்துக்கா பஞ்சம்? படிப்பதற்கு உங்களுக்குத்தான் நேரம் வேண்டும். மதியச் சாப்பாட்டின்போது படியுங்கள், புரோகிராம் கோடு எழுதும்போது வேண்டாம்.

அப்போது நம் நாமக்கல் ஆபீஸ் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கோழிப்பண்ணைகளின் தீவன மில்லுக்கென்று ஒரு சாப்ட்வேர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அதன் திரைகளை எழுதியவள் நான். எழுதியவள் என்ற பெருமையும் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்றா சொன்னேன்? நிறைய இருந்தது.

அந்தத் திரையில் பண்ணையின் பன்னிரண்டு ஷெட்களும் வரிசையாக வரும். ஒரு ஷெட்டின் மேல் வலது பட்டனை அமுக்கினால் சின்ன மெனு ஒன்று விரியும்: கலக்கு, நிறுத்து, விவரம். 'கலக்கு' என்று கொடுத்தால் அந்த ஷெட்டுக் கோழிகளின் வயதுக்கு ஏற்ற தீவனத்தை மிக்ஸர் கலந்து கொடுக்கும். பன்னிரண்டு ஷெட்டுக்குப் பன்னிரண்டு மெனு எதற்கு என்று நான் ஒரே மெனுவைத்தான் செய்திருந்தேன். அது எந்த ஷெட்டின் மேல் திறக்கிறதோ அந்த ஷெட்டின் விவரம் அதனோடு வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த ஒட்டவைக்கும் வேலையைத்தான் நாம் டேட்டா பைண்டிங் என்கிறோம். உங்களுக்கு இது தெரியும். உங்கள் வீட்டில் யாராவது எட்டிப் பார்த்துப் படித்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்று எழுதினேன்.

புதிய மெனுவைக் கொடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஜேடர்பாளையம் போகிற வழியில் இருந்த ஒரு பெரிய பண்ணையிலிருந்து அதன் ஓனர் போன் செய்தார். ஒன்பதாம் ஷெட்டில் இருந்தவை குஞ்சுகள். அவற்றுக்குப் போன தீவனத்தில் கிளிஞ்சல் குருணை கிடந்திருக்கிறது. முட்டையிடும் கோழிக்கு ஓடு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பது அது. குஞ்சுக்கு அவ்வளவு சுண்ணாம்பு உள்ளே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும். நல்லவேளை, குஞ்சு ஷெட்டில் வேலை பார்க்கும் அம்மா கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "குஞ்சுக்கு எதுக்குங்க கிளிஞ்சலு?" என்று சத்தம் போட்டிருக்கிறார். போட்ட தீவனத்தையெல்லாம் உடனே வழித்து எடுத்துவிட்டார்கள். குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி அதை நினைத்துக் கவலைப்படாமல் படிக்கலாம்.

"இது எப்படிங்க மேடம் ஆச்சு?" என்று ஓனர் கேட்டார். எங்கள் சாப்ட்வேர் ஒவ்வொரு கலவையையும் யார் கொடுத்தார், எந்த ஷெட்டுக்குக் கொடுத்தார் என்று பதிவு செய்துவைக்கும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்தால் ஒன்பதாம் ஷெட்டே இல்லை. நான்காம் ஷெட், முட்டைக்கோழித் தீவனம், ஆபரேட்டர் பரிமளா என்று இருந்தது. குஞ்சு ஷெட்டுக்கென்று தனி வண்டி உண்டு, அது வேறு எந்த ஷெட்டுக்கும் போகாது. அந்த வண்டி மிக்ஸருக்குக் கீழே நின்றிருக்கிறது, விழுந்ததை வாங்கிக்கொண்டு ஒன்பதுக்குப் போய்விட்டது.

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "சாப்ட்வேர்ல தப்பு வராதுங்க. அவங்கதான் ஒன்பதுக்குப் பதிலா நாலுல அமுக்கியிருக்காங்க" என்றேன். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடவும் செய்தேன். என்ன குழம்பு என்றுகூட நினைவிருக்கிறது, தட்டைப்பயிறு.

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன். "மேடமுங்களா? நான் மில்லு பரிமளா பேசறனுங்க" என்றது ஒரு குரல். அந்தப் பண்ணையின் ஆபரேட்டரோடு நான் அதுவரை பேசியதே இல்லை. எங்கள் சர்வீஸ் பையன் பென்டிரைவைக் கொண்டுபோய் கேட்டில் கொடுப்பான், போனில் அவனே சொல்லிக்கொடுத்துவிடுவான்.

"நான் ஒம்பதுல தானுங்க அமுக்குனேன். நாலுல அமுக்கலீங்க. அத மட்டும் உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுச்சுங்க" என்றார்.

"கம்ப்யூட்டர்ல நாலுன்னுதானே இருக்கு பரிமளா?"

"ஆமாங்க, இருக்குதுங்க. நானும் பாத்தனுங்க. ஆனா நான் ஒம்பதுல தானுங்க அமுக்குனேன்."

அழவில்லை, சண்டை போடவில்லை. இதே இரண்டு வரியை மறுபடி சொன்னார். சனிக்கிழமை வரை ஓனர் தவணை கொடுத்திருக்கிறார், அதற்குள் கம்ப்யூட்டர் தப்பு என்று யாராவது காட்டினால் சரி, இல்லாவிட்டால் நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் என்பதும் பேச்சில் வந்தது. வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் வெளி மாநிலம் போனால் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய் மகளைப் பார்த்துக்கொள்ளத் தோதான வேலை இது ஒன்றுதான். அதைவிடப் பெரிய விஷயம், குஞ்சுக்குக் கிளிஞ்சல் போட்டவள் என்று பேர் வாங்கிவிட்டால் சுற்றுவட்டாரத்தில் எந்த மில்லும் சேர்த்துக்கொள்ளாது. இதையெல்லாம் அவர் கெஞ்சலாகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

போனை வைத்த பிறகு எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பொய் சொல்கிறவர்கள் ஏதாவது காரணம் சேர்ப்பார்கள். கரண்ட் போச்சு, கை வழுக்குச்சு, மௌஸ் சரியில்லை என்பார்கள். இந்தப் பெண் எந்தக் காரணமும் சேர்க்கவில்லை.

மறுநாள் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து என் மெனுவைச் சோதித்தேன். ஒன்பதில் அமுக்கினால் ஒன்பது, நான்கில் அமுக்கினால் நான்கு. எத்தனை முறை பார்த்தாலும் ஒழுங்காகத்தான் இருந்தது. சரி, நேரில் போய்விடுவோம் என்று முடிவு செய்தேன். அந்த மில்லில் நெட் ஒழுங்காக எடுக்காது, இங்கிருந்தபடி அவர்கள் திரையைப் பார்க்க வழியில்லை. சர்வீஸ் பையன் அந்த வாரம்தான் வேறு ஒரு பண்ணைக்குப் போய்வந்திருந்தான். ஒரு பண்ணைக்குப் போனவனை மூன்று நாளைக்கு இன்னொரு பண்ணை சேர்க்காது. அதனால் வியாழக்கிழமை காலை நானே ஸ்கூட்டியில் லேப்டாப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பண்ணை கேட்டில் வாட்ச்மேன் ஒரு நோட்டை நீட்டினார். பேர், ஊர், வந்த நேரம், வந்த காரணம். வந்த காரணம் என்ற கட்டத்தில் "ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுக்க" என்று அழகாக எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏனுங்கம்மா, ஊட்டுல கோழி கீழி வளக்கறீங்களா?" என்று வாட்ச்மேன் கேட்டார்.

எங்கள் வீட்டுக்காரர் நாட்டுக்கோழிப் பைத்தியம். அப்போது நான்கு பெட்டையும் ஒரு சேவலும் இருந்தன. சேவலுக்குக் கலெக்டர் என்று பேர் வைத்திருந்தார், ஏனென்றால் அது யார் சொன்னாலும் கேட்காது. வீட்டில் கோழி வளர்ப்பவர்களைப் பண்ணைக்குள் விட மாட்டார்கள், நோய் ஒட்டிவரும் என்ற பயம். எனக்கு அந்த விதி தெரியும். தெரிந்துதான் "இல்லைங்களே" என்று ஒரு பொய் சொன்னேன்.

வாட்ச்மேன் என் லேப்டாப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்லக் குனிந்து, ஜிப்பில் மாட்டியிருந்த சிவப்பு இறகு ஒன்றை இரண்டு விரலால் உருவி எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இது யாருதுங்கம்மா?"

"கலெக்டருதுங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. "ஓனரே வந்து சொன்னாலும் உட மாட்டனுங்க. அந்தப் பக்கம் புங்க மரத்தடியில சேர் போடறேன், உக்காருங்க. பரிமளாவக் கூப்புடறேன்" என்றார். யோசித்துப் பார்த்தால், அந்த இறகு மட்டும் இல்லாமல் இருந்தால் நான் மில்லுக்குள் போய் ஏசி அறையில் உட்கார்ந்து, பரிமளாவை நகர்த்திவிட்டு நானே மௌஸைப் பிடித்து, ஒன்றும் தெரியாமல் திரும்பியிருப்பேன். கலெக்டருக்கு அன்று சாயங்காலம் கம்பு ஒரு கை கூடுதலாகப் போட்டேன்.

பரிமளா வந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம், தலையில் தீவனத் தூசி படாமல் துண்டு கட்டியிருந்தார். கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஒரு ஸ்டூலைக் கம்பியை ஒட்டிப் போட்டு, அதன் மேல் லேப்டாப்பை இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் வைத்தேன். அதிலும் அதே சாப்ட்வேர்தான், பரிமளா பேரிலேயே திறந்தேன், மிக்ஸரோடு மட்டும் இணைப்பு கிடையாது. அவர் கம்பிக்கு நடுவில் கையை நுழைத்து மௌஸைப் பிடித்துக்கொண்டார். "வேல முடிஞ்சதும் கைக்குக் கிருமி மருந்து அடிச்சுக்கோணும்" என்று வாட்ச்மேன் பின்னாலிருந்து சட்டம் பேசினார்.

நான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். இதுதான் நான் செய்த அடுத்த தவறு. "முதல்ல ஒன்பதாம் ஷெட் மேல வைங்க. ரைட் பட்டனை அமுக்குங்க. மெனு வந்துச்சா? கலக்கு கொடுங்க. பதிவைப் பாருங்க, என்ன இருக்கு?"

"ஒம்பதுங்க."

மறுபடி. ஒன்பது. மறுபடி. ஒன்பது. முதலில் நான்கு, அப்புறம் ஒன்பது. சரியாகத்தான் வந்தது. பரிமளாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. எனக்கோ உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி. ஆமாம், நிம்மதிதான். என் கோடில் தப்பில்லை என்ற நிம்மதி. எதிரே ஒருத்தியின் வேலை போகப்போகிறது, எனக்கு நிம்மதி. இதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை எழுதினால் நன்றாக இருக்காது, அதனால் எழுதிவிட்டேன்.

அந்த நேரத்தில் மில்லின் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "பரிமளாக்கா, மூணாம் ஷெட்டு வண்டி நெறஞ்சிருச்சு!"

"வாரேன், வாரேன்" என்று திரும்பிப் பார்த்துக் கத்தினார் பரிமளா. அப்படிக் கத்திக்கொண்டே, பார்க்காமலே, அவர் கை ஒரு வேலை செய்தது. நான்காம் ஷெட்டின் மேல் வலது பட்டனை அமுக்கி மெனுவை விரித்துவைத்துவிட்டு மௌஸை விட்டது.

"இது எதுக்கு?" என்றேன்.

"எதுங்க?"

"இப்ப நாலுல மெனுவைத் திறந்து வெச்சீங்களே."

அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாகச் சிரித்தார். "அது சும்மாங்க. மூணு முடிஞ்சா அடுத்தது நாலுங்களே. தொறந்து வெச்சுட்டா எது வரைக்கும் வந்தோம்னு மறக்காதுங்க. மில்லுச் சத்தத்துல ஆளுக பத்து தடவ கூப்புடுவாங்க, போயிட்டு வந்து பாத்தா மெனு நிக்கற எடம்தான் அடுத்ததுங்க."

நீங்கள் யோசித்துப் பாருங்கள். நாம் மெனுவைத் திறப்பது ஒன்றைத் தேர்ந்தெடுக்க. தேர்ந்தெடுக்காவிட்டால் உடனே மூடிவிடுவோம். ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற நம்மில் ஒருவருக்கும் மெனுவை அடையாளக் குச்சியாக நட்டுவைக்கலாம் என்று தோன்றாது. மிக்ஸர் இரைச்சலில் பன்னிரண்டு ஷெட்டை மனதில் வைத்துக்கொண்டு ஓடுகிறவருக்குத்தான் தோன்றும்.

"சரி, நாலுல மெனு நிக்குது. அந்த நேரம் பார்த்துக் குஞ்சு வண்டி வந்துருச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"குஞ்சு வண்டிய நிக்க வெக்க மாட்டமுங்க. நேரா ஒம்பது மேல அமுக்கிக்குவனுங்க."

"நாலுல இருக்கற மெனுவை மூடாமலா?"

"மூடறது என்னத்துக்குங்க? ஒம்பதுல அமுக்குனா அதே வந்துருமுங்களே."

"அமுக்கிக் காட்டுங்க."

பரிமளா ஒன்பதின் மேல் வலது பட்டனை அமுக்கினார். நான்கில் நின்ற மெனு துள்ளிக்கொண்டு ஒன்பதுக்கு வந்தது. பார்ப்பதற்கு எந்த வித்தியாசமும் இல்லை. கலக்கு என்று கொடுத்தார். நான் பதிவைத் திறந்தேன்.

நான்காம் ஷெட். முட்டைக்கோழித் தீவனம். ஆபரேட்டர் பரிமளா.

நான் ஒரு கத்து கத்தினேன் பாருங்கள், புங்க மரத்துக் காக்கைகளெல்லாம் பறந்துவிட்டன. வாட்ச்மேன் பாம்பு என்று நினைத்துத் தடியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "கிடைச்சிருச்சு, கிடைச்சிருச்சு" என்று நான் குதிக்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்தி பண்ணை வாசலில் குதிப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. நம் தொழிலில் இருக்கிற சந்தோஷங்களிலேயே பெரியது இதுதான். வராமல் இருந்த பிழை நம் கண் முன்னால் வந்து நிற்கும்போது, அது நம்முடைய பிழையாகவே இருந்தாலும் முதலில் சந்தோஷம்தான் வருகிறது. வெட்கம் அப்புறம்தான் வரும்.

என்ன நடந்தது என்பது அந்த நொடியே புரிந்துவிட்டது. மெனு திறக்கும்போது ஷெட்டின் விவரத்தை ஒட்டவைக்கும்படி எழுதியிருந்தேன். ஏற்கெனவே திறந்திருக்கும் மெனு வேறு வரிக்குத் தாவினால், அது புதிதாகத் திறந்ததாக என் கோடு நினைக்கவில்லை. மெனு ஒன்பதாம் ஷெட்டுக்கு வந்துவிட்டது, அதன் பையில் இருந்தது நான்காம் ஷெட்டின் சீட்டு.

"மேடம்" என்றார் பரிமளா. கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "அப்ப நான் தப்பா அமுக்கலீங்களா?"

"இல்லைங்க. நீங்க ஒன்பதுலதான் அமுக்கியிருக்கீங்க. என் மெனுதான் தப்பு."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

இன்னொரு முறை சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். தூசியும் கண்ணீரும் கலந்து முகம் முழுக்கக் கோடு கோடாக ஆகிவிட்டது. அதோடு சிரித்தார். நானும் அழுதேன், சிரித்தேன். நடுவில் அந்தப் பாழாய்ப்போன கம்பி, கட்டிப்பிடிக்கக்கூட முடியவில்லை.

இனிதான் பாடம் வருகிறது. பிழையைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பாஸுக்குப் போன் செய்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பயந்துவிட்டார். "மெனுவைத் திறந்து போட்டுட்டுப் போறது முறையான பயன்பாடு இல்லைன்னு ஓனர்கிட்ட சொல்லுங்க மேடம். வழக்கத்துக்கு மாறா உபயோகிச்சதால வந்த சிக்கல், அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணித் தர்றோம்னு சொல்லுங்க. நம்ம தப்புன்னு வாயால சொல்லிடாதீங்க. மத்த பண்ணைக்கெல்லாம் பரவிடும்" என்றார்.

அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை என்பதுதான் அதன் ஆபத்து. அப்படிச் சொன்னால் ஓனர் தலையாட்டுவார், எங்கள் பேர் தப்பிக்கும். ஆனால் 'வழக்கத்துக்கு மாறா உபயோகிச்ச' ஆள் யார்? மறுபடி பரிமளா. சனிக்கிழமை அவருக்கு எந்த மாற்றமும் இருந்திருக்காது.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார். என் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கும். "சரிங்க சார், நான் பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டு, முதலில் மற்ற பண்ணைகளுக்குப் போன் போட்டேன். அந்த மெனுவை வாங்கியிருந்த எல்லா மில்லுக்கும், ஒவ்வொன்றாக. என் மெனுவில் தப்பிருக்கிறது, புது வெர்ஷன் வரும்வரை ஒரு ஷெட்டில் திறந்த மெனுவை மூடாமல் இன்னொன்றில் அமுக்காதீர்கள் என்றேன். இந்த வரிசையை மறக்காதீர்கள்: வீடு ஒழுகினால் கூரையில் ஓடு மாற்றுவதற்கு முன்னால் கீழே பாத்திரம் வையுங்கள்.

அந்தப் போன்களில் மூன்று மில்லில் ஆபரேட்டரே எடுத்தார். மூன்று பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள். "ஐயோ, அப்படீங்களா? எங்க கைதான் தவறுதாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தமுங்க." அவர்களுக்கும் வந்திருக்கிறது. கலக்கு கொடுத்ததும் பதிவைப் பார்த்து உடனே நிறுத்தியிருக்கிறார்கள், வெளியே சொல்லப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் வெட்கமாக இருந்தது.

கடைசியாக ஓனருக்குப் போன் போட்டேன், மொபெட்டில் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, காலில் பண்ணைக்குள் போடுகிற ரப்பர் பூட்ஸ். நான் சுற்றி வளைக்கவில்லை. "உங்க ஆபரேட்டர் சரியாத்தான் அமுக்கியிருக்காங்க. நான் எழுதுன மெனுதான் தப்பு. போன்ல நான் சொன்னதும் தப்பு" என்றேன். பரிமளாவை இன்னொரு முறை செய்துகாட்டச் சொன்னேன். அவர் மெனுவைத் திறந்து வைத்து, தாவ விட்டு, பதிவைக் காட்டினார்.

ஓனர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "அப்பறம் எதுக்குங்க மேடம் அன்னிக்கு அத்தன உறுதியாச் சொன்னீங்க?"

"பாக்காமச் சொல்லிட்டனுங்க" என்றேன். கொங்குத் தமிழ் எனக்குக் கோபத்திலும் வெட்கத்திலும் தானாக வந்துவிடும்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பரிமளா பக்கம் திரும்பி, கழுத்தைச் சொறிந்துகொண்டு, "நானும் பாக்காமத்தான் சொல்லிட்டேன் பரிமளா. மனசுல வெச்சுக்காத. சனிக்கிழம பேச்செல்லாம் உட்டுரு" என்றார்.

"அதெல்லாம் உட்டாச்சுங்க. இப்ப நாலாம் ஷெட்டுக்குக் கலக்கோணும், வண்டி நிக்குது" என்றார் பரிமளா. எல்லோரும் சிரித்துவிட்டோம். வாட்ச்மேன்தான் அதிகமாகச் சிரித்தார்.

போகும் முன் பரிமளா ஒன்று சொன்னார். "ஏனுங்க மேடம், கலக்குன்னு மட்டும் போட்டிருக்கறதுக்குப் பதிலா, நாலாம் ஷெட்டுக்குக் கலக்குன்னு மெனுவுலயே பேரு வந்தா நானே அன்னிக்குப் பாத்திருப்பனுங்களே?" எத்தனை வருஷ அனுபவம் எனக்கு. எனக்கு ஏன் அது தோன்றவில்லை? தாவும் மெனுவுக்கு விவரத்தைப் புதிதாக ஒட்டவைப்பது இரண்டு வரி வேலை, அதை மறுநாளே முடித்துவிட்டேன். ஆனால் இன்றுவரை நம் சாப்ட்வேர் எதிலும் மெனுவில் வெறும் 'கலக்கு', வெறும் 'அழி' என்று இருக்காது, எதை என்பதும் சேர்ந்தே இருக்கும். சேர்ந்த புதிதில் நீங்கள் எல்லோரும் "ஏன் மேடம் இவ்வளவு நீளம்?" என்று கேட்டீர்களே, அதற்குக் காரணம் பரிமளா. அடுத்த ஷெட் எது என்று காட்டும் மஞ்சள் புள்ளியும் அவருக்காகப் போட்டதுதான்.

பாஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் நான் போன் செய்த மில்களில் ஒன்று, தப்பைத் தானே கூப்பிட்டுச் சொல்கிற கம்பெனி என்று அவரிடம் புகழ்ந்து பேசியது. அதன் பிறகு அந்த யோசனையே தன்னுடையது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று கிளம்பும்போது வாட்ச்மேன் நோட்டை மறுபடி நீட்டினார், வெளியே போகும் நேரம் எழுத. காலையில் நான் எழுதிய வரி அங்கே இருந்தது: ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுக்க. எவ்வளவு அழகான கையெழுத்து! அதன் மேல் ஒரு கோடு இழுத்தேன். கீழே எழுதினேன்: "ஆபரேட்டர் அமுக்கியது சரி. நான் எழுதிய மெனு தப்பு." கையெழுத்தும் போட்டேன். வாட்ச்மேன் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். கேட்டுக்கு உள்ளே கைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்த பரிமளா ஓடிவந்தார்.

"அத ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா மேடம்?"

"எடுத்துக்கோங்க."

நான் வேலையில் இருந்த கடைசி நாள் வரை அந்த மில்லுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் கோழியை விடவும் இல்லை, வாட்ச்மேன் விதியை விடவும் இல்லை. எத்தனையோ முறை அதே புங்க மரத்தடியில் உட்கார்ந்து கம்பி வழியாகப் பரிமளாவோடு பேசியிருக்கிறேன். புது வெர்ஷன் எது வந்தாலும் முதலில் அவரிடம்தான் காட்டுவேன். சொல்லிக்கொடுக்க மாட்டேன், சும்மா கொடுத்துவிட்டு அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பண்ணை இப்போதும் நம் கஸ்டமர்தான். பரிமளாதான் இப்போது அங்கே மில் சூப்பர்வைசர். போன வாரம் போன் செய்தவரே, உங்கள் வீட்டில் கோழி இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் கஸ்டமரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு நடை அங்கே போய்வாருங்கள். கம்ப்யூட்டருக்கு மேலே, சுவரில், பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு போட்டோ ஒட்டியிருப்பார்கள். தூசி படிந்திருக்கும், துடைத்துவிட்டுப் படியுங்கள். கையெழுத்து என்னுடையது.